நோத்ருதாம் பேராலயத்தின் ஆர்கனுக்கு உண்மையில் வயது என்ன?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 2024 டிசம்பரில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே குடியிருக்கும் உங்கள் பெரியப்பா ஒரு காணொளி அனுப்பி, அதில் ஒலிக்கும் பைப் ஆர்கன் 600 ஆண்டுப் பழமையானது என்று எழுதினார். புதுச்சேரியில் உங்கள் பங்கின் பாடகர் குழுவில் இருக்கும் அண்ணனோ, அது 2019 தீயிலேயே போய்விட்டது, இப்போது வாசிப்பது புதிதாகச் செய்தது என்று அடித்துச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்றும், கோயிலில் நீங்கள் வாசிக்கும் கீபோர்டில் ‘சர்ச் ஆர்கன்’ பொத்தானை அழுத்தினால் வருவதும் அதே ஒலிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எரிந்ததா இல்லையா என்பதோடு உங்கள் ஐயம் முடிந்துவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. காணொளியில் காதில் விழுந்த அந்த ஒலி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த நீளம்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் ஆர்கன் வாசிக்க முறையாகப் பயின்று, அங்கே ஒரு சிறிய ஊர்க் கோயிலில் பல ஆண்டுகள் ஞாயிறு பூசைக்கு வாசித்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆர்கன் கட்டும் தொழில் வேறு, வாசிக்கும் தொழில் வேறு. முன்னதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிரக் கையால் செய்ததில்லை. நோத்ருதாம் ஆர்கனைக் கீழே நின்று கேட்டிருக்கிறேன், மேலே ஏறித் தொட்டதில்லை. ஆகவே வாசிப்பவர் அறியக்கூடியவற்றை உறுதியாகவும், கட்டுபவர் மட்டுமே அறியக்கூடியவற்றை அவர்கள் சொன்னபடியும் எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது: பெரிய ஆர்கன் எரியவில்லை. 2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை எரிந்து விழுந்தது கூரையின் ஓக் மரச்சட்டமும், நடுவில் நின்ற கூர்ங்கோபுரமும், அவை விழுந்த வேகத்தில் இடிந்த கல் வளைவுகளின் சில பகுதிகளும். ஆர்கன் இருப்பது அந்த இடத்தில் அன்று. பேராலயத்தின் மேற்கு முகப்பில், இரண்டு மணிக்கோபுரங்களுக்கும் நடுவில், வட்டவடிவ ரோசா ஜன்னலுக்குக் கீழே உயரமான மாடத்தில் அது நிற்கிறது. அதன் தலைக்கு மேலிருந்த கல் வளைவு தாங்கிக்கொண்டது. தீயணைப்பு நீரும் அதன்மேல் மிகக் குறைவாகவே பட்டது. ஆனால் பீடத்தருகே பாடகர் இருக்கைகளோடு சேர்ந்து இன்னொரு சிறிய ஆர்கன் இருந்தது. அதைத் தண்ணீர் பெரிதும் சேதப்படுத்திவிட்டது. உங்கள் அண்ணன் கேள்விப்பட்ட செய்தி அந்தச் சிறிய ஆர்கனைப் பற்றியதாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய செய்திகள் அப்போது நிறையவே வந்தன.

வயதைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்பது ஓரளவு தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் ஆண்டுகள் எல்லாம் வெறும் எண்களாகவே நிற்கும். பைப் ஆர்கனில் ஒரு குழாய் ஒரே ஒரு ஸ்வரத்தை, ஒரே ஒரு நாதக்குணத்தில்தான் ஒலிக்கும். ஒரே நாதக்குணம் உள்ள குழாய்களைச் சிறியது பெரியதாக ஒரு வரிசையில் நிறுத்தினால் அது ஒரு ஸ்டாப். வாசிப்பவர் பக்கவாட்டில் உள்ள பிடியை இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்று போக வழி திறக்கும். கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரத்துக்குரிய குழாயின் அடிவாய் திறந்து காற்று ஏறும். குழாய்களிலும் இரண்டு இனம் உண்டு. ஒன்றில் காற்று குழாயின் உதட்டில் மோதி ஒலிக்கும். புல்லாங்குழல் ஒலிப்பதும் இதே முறையில்தான். மற்றதில் அடியில் ஒரு பித்தளை நாக்கு துடித்து ஒலிக்கும். எக்காளம் போன்ற அதட்டலான ஒலியெல்லாம் இந்த இனத்திலிருந்து வருவது. நோத்ருதாமில் இன்று 115 ஸ்டாப்கள், ஏறத்தாழ 8,000 குழாய்கள், கைகளுக்கு அடுக்கடுக்காக ஐந்து கட்டை வரிசைகள், கால்களுக்கு ஒரு பெடல் வரிசை ஆகியவை உள்ளன. மிகப் பெரிய குழாய் 32 அடி, அதாவது ஏறத்தாழ 10 மீட்டர். அந்தக் குழாயின் அதிர்வு நொடிக்குப் பதினாறைச் சற்றே தாண்டும்; காது அதை ஸ்வரமாகப் பிடிப்பதற்கு முன் உட்கார்ந்திருக்கும் பலகையின் நடுக்கமாக உடம்பு பிடித்துவிடும். காணொளியில், அதுவும் கைபேசியின் ஒலிபெருக்கியில், இந்தப் பகுதி முழுவதும் காணாமல் போய்விடுகிறது.

ஆக, ஆர்கன் என்பது மரப்பெட்டி, காற்றுப்பெட்டிகள், துருத்திகள், குழாய்கள், கட்டைக்கும் குழாய்க்கும் இடையிலான இணைப்பு, வாசிப்பு மேசை என்று பிரித்துப் பிரித்து மாற்றக்கூடிய பகுதிகளின் தொகுப்பு. குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. அந்த உலோகம் எக்காலத்திலும் விலை கூடியது. எனவே ஒரு கைவினைஞர் பழைய ஆர்கனைப் புதுப்பிக்க வந்தால் முன்னவர் செய்த நல்ல குழாய்களை எறிய மாட்டார். தேவைப்பட்டால் வெட்டியோ நீட்டியோ உதட்டைத் திருத்தியோ தன்னுடையவற்றோடு சேர்த்துக்கொள்வார். நோத்ருதாமின் கதை முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

பெரியப்பா சொன்ன 600 ஆண்டுக் கணக்கு 1403இல் தொடங்குகிறது. பேராலயத்தின் அடிக்கல் 1163இல் நாட்டப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் நடுக்கூடத்தின் சுவரில் ஒரு சிறிய ஆர்கன் தொங்கியது. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அதன் குரல் போதவில்லை. 1403இல் பிரீட்ரிக் ஷம்பான்ஸ் என்ற கைவினைஞர் மேற்கு முகப்பின் கல்மாடத்தில், இன்றைய ஆர்கன் நிற்கும் அதே இடத்தில், புதிய ஒன்றை அமைத்தார். இடம் மாறவில்லை என்பதும், அங்கே அதன்பின் ஒரு தலைமுறைகூட ஆர்கன் இல்லாமல் கழியவில்லை என்பதும் உறுதி. இடைக்காலக் குழாய்கள் சில இன்னும் உள்ளே இருக்கின்றன என்று அதைப் பழுதுபார்த்தவர்கள் கருதுகிறார்கள். நான் இதைச் சற்று எச்சரிக்கையோடுதான் சொல்வேன். ஒரு குழாயின் காலத்தை உலோகத்தின் கலவை, தகட்டின் தடிமன், சுத்தியல் தடங்கள், கைவினைஞர் கீறி வைத்த எழுத்துகள் ஆகியவற்றை வைத்துத்தான் கணிப்பார்கள். பலமுறை திருத்தப்பட்ட குழாயில் இந்தத் தடயங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இருந்தாலும் அவை 8,000இல் கைவிரல்களைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், அந்த ஒலி 1403ஐச் சேர்ந்தது என்று யாரும் வாதிட முடியாது.

கண்ணுக்குத் தெரியும் ஆர்கன், அதாவது செதுக்கு வேலைப்பாடுள்ள அந்தப் பெரிய மரப்பெட்டி, 18ஆம் நூற்றாண்டினுடையது. 1730 முதல் 1733 வரை பிரான்சுவா தியெரி கருவியை அடியோடு திரும்பக் கட்டினார். ஐந்து கட்டை வரிசைகளும் 46 ஸ்டாப்களும் கொண்டதாக அது வளர்ந்தது. அக்காலத்தில் ஐந்து வரிசை என்பது பெரிய விஷயம். பிறகு 1783இலிருந்து 1788க்குள் பிரான்சுவா ஆன்றி கிளிக்கோ அதை மேலும் விரிவாக்கினார். நாக்குக் குழாய்களில் கிளிக்கோவுக்கு இணையானவர் அந்த நூற்றாண்டில் பிரான்சில் இல்லை என்பது ஆர்கன் வாசிப்பவர்களிடையே பொதுவான கருத்து. எனக்கும் அதில் மறுப்பில்லை. புவத்தியே நகரின் பேராலயத்தில் அவர் செய்த ஆர்கன் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது; அதைக் கேட்டவர்கள் அந்த வெண்கலச் சாரீரத்தை மறக்க மாட்டார்கள்.

அடுத்து வருவது பிரெஞ்சுப் புரட்சி. 1793இல் நோத்ருதாம் ‘பகுத்தறிவின் கோயில்’ ஆக்கப்பட்டது, முகப்பில் நின்ற 28 அரசர் சிலைகளின் தலைகள் துண்டிக்கப்பட்டன, மணிகள் உருக்கப்பட்டன. நாடெங்கும் கோயில் ஆர்கன்கள் உலோக விலைக்குப் போயின. நோத்ருதாம் ஆர்கன் தப்பியது. ஏன் தப்பியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அதில் புரட்சிப் பாடல்கள் வாசிக்கப்பட்டன, அதனால் புதிய ஆட்சியாளர்களுக்கும் அது பயன்பட்டது என்பது. அங்கே வாசித்துவந்த குளோது பல்பாஸ்த்ர், மார்செயேஸ் பாடலைக் கீபோர்டுக்கு ஏற்ற உருமாற்றங்களாக எழுதியது உண்மை. அந்த இசைத்தாள் இன்றும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாடல்தான் ஆர்கனைக் காப்பாற்றியது என்பது அழகான கதை என்ற அளவில் நிற்கட்டும். தப்பியது உறுதி, காரணம் ஊகம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். காணொளியில் நீங்கள் கேட்ட ஒலியின் எலும்புக்கூடு அரிஸ்தீது கவாயே கோல் என்பவருடையது. 1811இல் மோன்பெலியேயில் ஆர்கன் கட்டும் குடும்பத்தில் பிறந்து 1899இல் பாரிஸில் இறந்த இவர்தான் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆர்கன் என்றால் என்ன என்பதையே தீர்மானித்தவர். கட்டடக் கலைஞர் வியோலே லெ துய்க் பேராலயத்தைச் சீரமைத்துவந்த காலத்தில், 1863 முதல் 1868 வரை, கவாயே கோல் நோத்ருதாம் ஆர்கனைத் திரும்ப உருவாக்கினார். தியெரியும் கிளிக்கோவும் செய்த குழாய்களில் பலவற்றை வைத்துக்கொண்டு, 86 ஸ்டாப்களாக விரித்து, 1868 மார்ச் 6ஆம் நாள் அரங்கேற்றினார். மாடத்தின் கைப்பிடிச் சுவரில் முன்னால் நின்றிருந்த சிறிய பெட்டி அந்தச் சீரமைப்பில் அகற்றப்பட்டது; பழைய ஓவியங்களில் அது தெரியும், இன்று இல்லை.

அவர் என்ன புதிதாகச் செய்தார் என்பதை ஒரே ஒரு விஷயத்தால் காட்டலாம். பழைய ஆர்கனில் கட்டைக்கும் குழாயின் அடைப்புக்கும் இடையே மெல்லிய மரக்கம்பிகள்தான் இணைப்பு. ஸ்டாப்கள் கூடக் கூட, வரிசைகளை ஒன்றோடொன்று கோக்கக் கோக்க, விரல் தள்ள வேண்டிய பளு ஏறிக்கொண்டே போகும். நான் பயின்ற இடத்திலிருந்த இயந்திர இணைப்பு ஆர்கனில் மூன்று வரிசைகளையும் கோத்து ஒரு பக்கம் வாசித்து முடித்தால் முன்கை இறுகிவிடும். வேகமான பகுதிகளை அப்படி வாசிக்கவே முடியாது. சார்லஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறிய துருத்தியை வைத்து, விரல் அந்தத் துருத்திக்குக் காற்றைத் திறந்துவிட்டால் போதும், மீதிப் பளுவை அந்தத் துருத்தியே இழுக்கும்படி செய்தார். கவாயே கோல் இதை சேன் தெனி பசிலிக்காவின் ஆர்கனில் 1841இல் பயன்படுத்தி வெற்றி கண்டார்; நோத்ருதாமிலும் அமைத்தார். இதனால் ஓர் இசைக்குழு முழுவதையும் ஒருவர் விரல்நுனியில் அடக்கலாம் என்றாயிற்று. மெல்லிய ஒலியிலிருந்து கூரை அதிரும் ஒலிவரை இடைவெளியின்றி ஏறி இறங்கும் பிரெஞ்சு ஆர்கன் இசை இந்த வசதியிலிருந்து பிறந்தது. வித்தோர், வியேர்ன் போன்றவர்கள் ‘ஆர்கன் சிம்பொனி’ என்று பெயரிட்டே எழுதத் துணிந்தது இதற்குப் பிறகுதான்.

லூயி வியேர்னைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவரான அவர் 1900 முதல் 1937 வரை நோத்ருதாமின் ஆர்கன் வாசிப்பாளர். தம் கருவி சீர்கெட்டு வருவதைக் கண்டு, பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதற்காகவே அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் செய்தவர். 1937 ஜூன் 2ஆம் நாள் மாலைக் கச்சேரியில், தாமே எழுதிய படைப்பை வாசித்து முடித்து, கொடுக்கப்பட்ட கருப்பொருளின்மேல் கற்பனை விரிவுக்கு, அதாவது எழுதிவைக்காமல் அந்தக் கணத்திலேயே உருவாக்கி வாசிப்பதற்கு, ஆயத்தமாகி ஸ்டாப்களைத் தேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், வாசிப்பு மேசையிலேயே சாய்ந்து உயிர்விட்டார். அருகில் இருந்தவர் அவருடைய மாணவரும் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவருமான மொரீஸ் துருஃப்லே. வியேர்ன் சரிந்தபோது கால் பெடலில் பதிந்து ஒரே ஒரு தாழ்ந்த ஸ்வரம் ஒலித்தது என்பது நேரில் இருந்தவர்கள் வழியாக வந்த செய்தி. அன்றைய கச்சேரி அவருடைய 1,750ஆவது என்ற எண்ணை நான் அந்த அளவுக்கு நம்புவதில்லை. அவ்வளவு கச்சிதமாகக் கணக்கு வைத்தவர் யார் என்று யாரும் சொல்வதில்லை.

கவாயே கோல் விட்டுச்சென்றதை அதன்பின் வந்தவர்கள் அப்படியே காக்கவில்லை. 1955இல் வாசிப்பாளராகப் பொறுப்பேற்ற பியேர் கோஷரோ, கற்பனை விரிவில் அசுர ஆற்றல் கொண்டவர். தமக்கு உகந்தபடி புதிய வாசிப்பு மேசை, மின் இணைப்பு, கூடுதல் ஸ்டாப்கள் ஆகியவற்றை 1960களில் கொண்டுவந்தார். பார்க்கர் துருத்திகள் அத்துடன் வேலையை இழந்தன. இதை அழிவு என்பவர்களும் உண்டு, வளர்ச்சி என்பவர்களும் உண்டு. கோஷரோவின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் கோபப்பட மனம் வருவதில்லை என்பதே என் நிலை. ஆனால் 1868இன் கட்டையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை அடுத்த தலைமுறைகள் இழந்தன என்பதையும் மறுக்க முடியாது. 1992இல் முடிந்த பெரிய பழுதுபார்ப்பில் இணைப்பு கணினிவழி ஆயிற்று. பேராலயத்தின் 850ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2014இல் முடிந்த வேலையில் இன்றைய வாசிப்பு மேசை வந்தது. ஆகவே இன்று அங்கே கட்டையை அழுத்தும் விரலுக்கும் குழாய்க்கும் நடுவே மரக்கம்பி ஏதுமில்லை, மின்குறிப்புதான் போகிறது.

இனித் தீ. ஆர்கனுக்கு நேர்ந்த கேடு நெருப்பால் வந்ததன்று, ஈயத்தால் வந்தது. கூரையையும் கூர்ங்கோபுரத்தையும் நூற்றுக்கணக்கான டன் ஈயத்தகடு போர்த்தியிருந்தது. அது உருகி, புகையோடு எழுந்து, நுண்தூளாகக் கட்டடத்தின் உள்ளெங்கும் படிந்தது. 8,000 குழாய்களின் வாய்கள் மேல்நோக்கித் திறந்திருக்கும் ஒரு கருவிக்குள் அந்தத் தூள் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாக்குக் குழாயின் பித்தளை நாக்குக்கும் அது படியும் விளிம்புக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய இடைவெளி. அதில் ஒரு துகள் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் இரையும், அல்லது ஊமையாகிவிடும். குழாயில் மட்டும் இல்லை, காற்றுப்பெட்டிகளின் உள்ளேயும், ஆட்டுத்தோல் ஒட்டிய சிறு துருத்திகளின் மடிப்புகளிலும் தூள் ஏறியிருந்தது. ஊதித் தள்ளவும் வழியில்லை. ஊதினால் நச்சுத்தூள் மறுபடியும் கூடமெங்கும் பரவும். போதாக்குறைக்கு, கூரை இழந்த கட்டடத்தில் அந்தக் கோடையின் வெப்பமும் குளிரும் மாறி மாறி மரப்பகுதிகளைச் சோதித்தன. உலோகக் குழாய்களிலேயே ஈயம் இருக்கிறதே, பிறகென்ன என்று சிலர் கேட்பதுண்டு. குழாயில் கலந்திருக்கும் ஈயம் கெட்டியான உலோகம், அது காற்றில் பறந்து மூச்சில் ஏறாது, தூள் ஏறும். உடல்நல அளவுகளைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை, அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

எனவே கழற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில் வாசிப்பு மேசையிலிருந்து தொடங்கி, ஆண்டின் இறுதிக்குள் குழாய்களையும் காற்றுப்பெட்டிகளையும் கழற்றி இறக்கினார்கள்; பெரிய மரப்பெட்டி மட்டும் இடத்திலேயே இருந்தது. வேலையைத் தனியொரு பட்டறை எடுக்கவில்லை. வோக்ளூஸ், கொரேஸ், எரோ ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று பட்டறைகள் பகிர்ந்துகொண்டன. இவற்றில் முந்தைய சீரமைப்புகளில் கைவைத்த கைவினைஞர்களின் பட்டறைகளும் இருந்தன, அது நல்லதாயிற்று. குழாய் குழாயாகத் தூள் உறிஞ்சி, துடைத்து, கழுவி, உலர்த்தி, தோல்களை மாற்றி, மின் இணைப்பைப் புதுப்பித்து, 2023இல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அதன்பின் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். குழாய்களை நிறுத்திவிட்டால் ஆர்கன் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு குழாயையும் அதன் பக்கத்துக் குழாயோடும், அந்த வரிசையை மற்ற வரிசைகளோடும், அனைத்தையும் அந்தக் கட்டடத்தின் எதிரொலியோடும் பொருத்த வேண்டும். இருவர் தேவை: ஒருவர் மேசையில் அமர்ந்து ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருப்பார், மற்றவர் உள்ளே ஏணியிலும் குறுகிய பலகையிலும் நின்று குழாயைத் திருத்துவார். நாக்குக் குழாயானால் நாக்கை அழுத்திப் பிடிக்கும் வளைந்த கம்பி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சிறு கருவியால் மேலே தட்டினால் நாக்கின் துடிக்கும் பகுதி நீண்டு சுருதி இறங்கும், கீழே தட்டினால் ஏறும். மயிரிழை தட்டு, பின் காது கொடுத்துக் கேள், மறுபடி தட்டு. ஒரு குழாய்க்கு இரண்டு நிமிடம் என்றாலும் 8,000 குழாய்க்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். வெப்பநிலை மாறினால் உதட்டுக் குழாய்களின் சுருதி நாக்குக் குழாய்களைவிட அதிகமாக நகரும் என்பதால் ஒரே சீரான வெப்பமும் வேண்டும். பகலில் அங்கே கல் உடைப்பவர்களும் சாரம் பிரிப்பவர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதனால் 2024இல் பல மாதங்கள், அவர்கள் போன பிறகு, இரவில் சுருதி சேர்த்தார்கள். அதிலும் கூடம் மாறிவிட்டிருந்தது: சுவர்களில் நூற்றாண்டுகளாகப் படிந்த கரி நீங்கிக் கல் வெளுத்திருந்தது, இடிந்த வளைவுகள் புதுக்கல்லால் மூடப்பட்டிருந்தன. சுத்தமான கல் ஒலியை முன்னைவிடத் தெளிவாகத் திருப்பி அனுப்புகிறது என்று அங்கே வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். காணொளியை வைத்து அதை நான் உறுதிப்படுத்த முடியாது.

2024 டிசம்பர் 7ஆம் நாள் மாலை நீங்கள் பார்த்த காட்சி இதுதான்: பேராயர் லொரான் உல்ரிக் ஆர்கனை நோக்கி, விழித்தெழு என்ற பொருளில் எட்டு முறை அழைத்தார், ஒவ்வோர் அழைப்புக்கும் பதிலாக ஆர்கன் ஒலித்தது. அந்தப் பதில்கள் முன்பே எழுதப்பட்டவை அல்ல. ஒலிவியே லாத்ரி, வேன்சான் துய்புவா, தியெரி எஸ்கேஷ், திபோ ஃபஜோல் ஆகிய நான்கு வாசிப்பாளர்களும் மாறி மாறி அந்தந்தக் கணத்தில் கற்பனையாக விரித்தவை. ஆலாபனையோடு வளர்ந்த நம்மவர்களுக்கு இது வியப்பாக இராது; ஆனால் மேற்கத்திய செவ்வியல் மரபில் இன்று கற்பனை விரிவு பரவலாக உயிரோடிருக்கும் இடங்களில் பிரெஞ்சுக் கோயில் ஆர்கன் முக்கியமானது.

எனில் வயது என்ன? நம் ஊர்ச் சம்பா கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையார் அங்கே முதல் கோயிலைக் கட்டியது 1690களில். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கியபோது அப்போதிருந்த கோயிலும் போயிற்று. மிசியோன் வீதியில் இன்று நாம் பார்ப்பது 1791இல் முடிந்தது. ஆயினும் முந்நூறு ஆண்டுக் கோயில் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. நோத்ருதாம் ஆர்கனுக்கு உரிமை இதைவிடக் கூடுதல், ஏனென்றால் அது ஒருமுறைகூட முழுதாக அழிந்து மறுபடி எழவில்லை. ஒவ்வொருவரும் முந்தையவரின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே கட்டினார்கள். பெரியப்பாவுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுங்கள்: இடமும் தொடர்ச்சியும் 1403, பெட்டி 1733, நாதத்தின் அடிப்படை 1868, சில அழகிய குழாய்கள் அதற்கும் முந்தியவை, மின்னிணைப்பும் மேசையும் நம் காலத்தவை, சுத்தம் 2023, சுருதி 2024. அண்ணனிடம், எரிந்தது கூரை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

கீபோர்டின் பொத்தான் கடைசிக் கேள்வி. அதில் வருவது பெரும்பாலும் ஏதோவொரு ஆர்கனின் ஒலிப்பதிவுத் துண்டு, அல்லது அதைப்போல மின்சுற்று உண்டாக்கும் ஒலி. நாதக்குணம் ஓரளவு ஒத்திருக்கும். ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வரும், காற்று அசையாது, தாழ்ந்த ஸ்வரங்களை உடம்பு உணராது. அதற்காக அதை இகழ வேண்டாம். கடற்காற்றும் ஈரமும் கரையானும் உள்ள ஊரில் தோலும் மரமும் நிறைந்த ஒரு கருவியைப் பேணுவதற்கு ஆளும் பணமும் இடைவிடாமல் வேண்டும். நம் கோயில்களில் நெடுங்காலம் காலால் மிதிக்கும் ஆர்மோனியம் அந்த இடத்தில் இருந்தது. அதுவும் 1840களில் பாரிஸில் தெபென் காப்புரிமை பெற்ற கருவிதான், குழாய் கிடையாது, வெறும் நாக்குகள்.

உண்மையான பைப் ஆர்கனைக் கேட்க நீங்கள் பாரிஸ்வரை போக வேண்டியதில்லை. சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயத்திலும் இருக்கின்றன. இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். எந்த ஆராதனையில் வாசிக்கிறார்கள் என்று ஆலய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பவரிடம் பணிவாகக் கேட்டால், ஆராதனை முடிந்தபின் ஒரு ஸ்டாப்பை இழுத்து ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்க்க விடுவார்கள். எங்கள் கூட்டம் பொதுவாக இதில் தாராளம். முதலில் மிகத் தாழ்ந்த பெடல் ஸ்வரத்தை மிதித்துப் பாருங்கள், பிறகு உங்கள் கீபோர்டில் அதையே வாசியுங்கள்.